மதினி வலம் வந்த தாழி

“செத்ததக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, லைட்டப் போட்டு, மைக்கக் கட்டிவிட்டா அது பேசிருமாக்கும்?”

என் மதினி, அண்ணன் மனைவி, இப்படிக் கேட்டபோது அவர் மடியில் ஒரு முறம் அவரைக்காய் இருந்தது. விடிந்தால் பரவை மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய காய். சொத்தையைத் தனியே பொறுக்கிப் போட்டபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார். வாசல் சிமெண்டுத் தரையில் அண்ணன் மகள் செங்கல் துண்டால் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். உடைந்த ஓட்டுத் துண்டை உரசி உரசி வட்டமாக்கிய சில்லு ஒன்று அவளிடம் இருந்தது. எறிவதற்கு முன்பு அதை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை ஊதுவாள். ஏன் ஊதுகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டு வைத்திருக்கலாம்.

எனக்கு வேலை கிடைத்த செய்தியை அன்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். வில்லாபுரத்தில் ஒரு மாடியில் நடக்கும் சிறிய நிறுவனம். அருங்காட்சியகங்களுக்கு ஒலி, ஒளி, தொடுதிரை எல்லாம் அமைத்துக் கொடுப்பதுதான் தொழில். எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில், பொட்டல் காட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் வேலையை அப்போது எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததோடு சரி, காட்டு வேலைக்குப் போய்விட்டார். பள்ளியை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதை எழுத எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. அன்று நான் எதிர்பார்த்தது வேறு மாதிரியான கேள்வி. ஆனால் மதினியிடம் யாரும் எதிர்பார்த்தது கிடைத்ததில்லை. என்னை அவர் ‘காலேசுக்காரி’ என்றுதான் கூப்பிடுவார். தினமும் மாலையில் நான் வீடு திரும்பியதும், “இன்னைக்கு என்னத்தா புதுசாக் கண்டுபிடிச்சாக?” என்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடித்துவிடுவார். எனக்கும் அவருக்கும் வயதில் அதிக வித்தியாசமில்லை. இன்னொரு வீட்டில் பிறந்திருந்தால் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் ஒரே ஒரு தாழிக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அகழாய்வில் வந்த தாழி, இடுப்பளவு உயரம். அதற்குள் இருந்தவை ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளாக இருக்கலாம் என்றார்கள். கூடவே கிண்ணங்களும் சில சில்லுகளும் கிடைத்திருந்தன. பிள்ளையின் பெயர் தெரியாது. என்ன நோய் என்று தெரியாது. கண்ணாடிக்கு வெளியே வெறும் விளக்கப் பலகை வைத்தால், வருகிறவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டுச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே நாங்கள் ஒரு கதையை அமைத்தோம். கற்பனைதான் என்பதை வாசலிலேயே எழுதி வைத்தோம். தாழியைச் சுற்றி நான்கு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே கவிழ்த்த குடை போல ஓர் ஒலிபெருக்கி. ஆள் வந்து நின்றதும் அது உணர்ந்துகொள்ளும். சுவரில் படம் ஓடும். குடைக்குக் கீழே நிற்பவருக்கு மட்டும் குரல் கேட்கும், இரண்டு எட்டு தள்ளி நிற்பவரின் காதில் ஒன்றும் விழாது. முதல் நிறுத்தத்தில் கண்மாய்க் களிமண், சுழலும் சக்கரம், இன்னும் தாழியாகாத மண். இரண்டாவதில் பிள்ளை விளையாடுகிறது. மூன்றாவதில் ஒரு விளக்கு, காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி போடும் ஒரு கை. நான்காவதில் அதே தாழிக்குள் பிள்ளையை இறக்குகிறார்கள், மூடுகிறார்கள், மண் விழுகிறது, படம் இருள்கிறது.

குரல் என்னுடையது. வெளியிலிருந்து ஆள் பார்த்தார்கள், யாரும் அமையவில்லை. ஒரு நாள் சும்மா மாதிரிக்காக நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு எங்கள் நிறுவனத்தின் சார், “ழகரம் இவ்வளவு சுத்தமா வருதே, நீயே பேசிடும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பூரித்துப்போயிருந்தேன்.

இரண்டாவது நிறுத்தத்துக்கான யோசனையும் என்னுடையதுதான். தரையில் ஒளியால் பாண்டிக் கட்டம் போடலாம், கால் வைத்தால் கட்டம் ஒளிரட்டும், கொலுசு ஒலிக்கட்டும் என்றேன். மாதிரிக்கு எங்கள் வாசலில் அண்ணன் மகள் கிழித்த கட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு போனேன். அது நேராக இருக்காது. நடுவில் துவைக்கிற கல் துருத்திக்கொண்டிருப்பதால் ஐந்தாவது கட்டம் கோணிக்கொண்டு ஒதுங்கிப்போகும். சார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இந்தக் கோணல்தான் உசுரு, அப்படியே இருக்கட்டும்” என்றார். அண்ணன் மகளிடம் சொன்னேன், “ஒன் கட்டந்தான்டி அங்க வரப்போகுது.” அவள் சந்தோஷப்படுவதற்கு முன் விசாரித்தாள்.

“அங்க யாரு அத்தே அவுட்டு சொல்லுவா?”

“யாரும் சொல்லமாட்டாக. லைட்டு மட்டும் எரியும்.”

“கோட்ட மிதிச்சாக்கூடவா?”

“மிதிச்சாக்கூட.”

“அப்ப அவுட்டே கெடையாதா?” என்று வாயைப் பிளந்தவள், தெருவில் உள்ள பிள்ளைகளிடம் எல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அந்த நாட்களை எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்து நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெரு முக்கு வரைதான். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, கண்மாய்க் கரையில் புதைப்பார்கள். பாடை கிடையாது. அண்ணன் இரண்டு கைகளிலும் அவளை ஏந்திக்கொண்டு நடந்தார். முக்கில் பெண்கள் மதினியைப் பிடித்து நிறுத்தினார்கள். அண்ணனின் முதுகு திருப்பத்தில் மறையும் வரை மதினி கத்தினார், மறைந்ததும் நிறுத்திவிட்டார். ஆண்கள் குளித்து ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். அண்ணன் தலையைத் துவட்டாமல் சுவரோரம் உட்கார்ந்தார். கண்மாய்க் கரையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எதைப் பற்றியும் அதிகமாகப் பேசியதில்லை.

மதினி காலையில் வாசல் தெளிக்கும்போது, செங்கல் கோடுகளில் தண்ணீர் படாமல் சுற்றிச் சுற்றித் தெளிப்பார். பிறகு ஒரு பெருமழை வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போயிற்று. அன்று பகல் முழுக்க அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கிண்டல் போய்விட்டது. நான் மாலையில் வந்தால், என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

மூன்றாவது, நான்காவது நிறுத்தங்களுக்கான குரல் பதிவு அப்போது மீதமிருந்தது. வேறு யாரையாவது பேச வைக்கலாம் என்று சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் தொடங்கியதை நானே முடிக்கிறேன் என்றேன். ‘பிள்ளை கண் திறக்கவில்லை’ என்ற வரியை ளகரமும் லகரமும் பிசகாமல் ஒரே மூச்சில் வாசித்தேன். வாசித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

திறப்பதற்கு முன் ஒத்திகை வைத்தோம். அருங்காட்சியகம் பார்த்துப் பழகாத சனங்களாகக் கூட்டி வா என்று சார் சொன்னார். அண்ணன் காய் ஏற்றும் வண்டியில் எங்கள் தெருவையே ஏற்றினேன். மதினி வரமாட்டேன் என்றார். “பாப்பா கட்டம் அங்க இருக்கு மதினி” என்றேன். உடுத்தியிருந்த சேலையோடு வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

வந்தவர்கள் எல்லோரும் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். போட்டுக்கொண்டே வரலாம் என்று சொன்னதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அடுத்து நடந்ததுதான் எங்களில் யாருக்கும் தோன்றாத விஷயம். வயர் வந்த வசதிக்காக முதல் நிறுத்தத்தை வாசலுக்கு வலது பக்கம் வைத்திருந்தோம். தரையில் பெரிய அம்புக்குறியும் ஒட்டியிருந்தோம். அதன்படி நடந்தால் தாழி இடக்கைப் பக்கம் வரும். சனம் அந்த அம்புக்குறியை மிதித்துக் கடந்து, தாழியைத் தன் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கோயிலில் சுற்றுவது போல இடது பக்கமாகத் திரும்பி நடந்தது. நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்தேன்.

“பெரியம்மா, இந்தப் பக்கமா வாங்க. அம்பு போட்டிருக்குல்ல?”

“போடி இவளே. எடப்பக்கமாச் சுத்துறது கொள்ளிக்கொடம் ஒடைக்கிறப்ப. நல்லாருக்க மனுசியப் போயி எதுக்குடி அப்படிச் சுத்தச் சொல்ற?”

கதை பின்னாலிருந்து ஓடத் தொடங்கியது. முதலில் மண் விழுந்தது. பிறகு காய்ச்சல். பெரியப்பா ஒவ்வொரு குடைக்கும் கீழே நின்று முழுதாகக் கேட்டுவிட்டு வந்து சத்தமாகச் சொன்னார். “என்னத்தா, ஒங் கத பின்னாடியே நடக்குது! மொதல்லயே பொதச்சிட்டீக, பெறகு காச்ச வருது, பெறகு நொண்டி அடிக்குது. இம்புட்டு வயரு இழுத்தவுக ஒரு வைத்தியர மொத ஆளா நிப்பாட்டியிருக்கக் கூடாதா?” எல்லோரும் சிரித்தார்கள். சார்கூடச் சிரித்தார். பிறகு மதினி அங்கே நிற்பது நினைவுக்கு வந்து, சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகும் மதினி அறையிலேயே இருந்தார். மறுபடியும் ஒரு சுற்று வந்தார். மண் விழும் சுவருக்கு முன் நின்றார். ஈரத்துணி போடும் கைக்கு முன் நின்றார். பிறகு தரையில் ஒளிர்ந்த கட்டங்களுக்கு முன் வந்து நின்றார். அவற்றைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலை மடக்கி, முதல் கட்டத்தில் குதித்தார். கட்டம் ஒளிர்ந்தது, கொலுசு ஒலித்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கட்டத்தில் அவர் உடம்பு தன்னால் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அங்கே இல்லாத துவைக்கிற கல்லில் கால் இடித்துவிடாமல் ஒதுங்கியது. கோட்டை மிதித்தார். அவுட்டு சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெளியே வந்து செருப்பைத் தேடியபடி என்னிடம் சொன்னார், “இந்தப் பக்கமா வந்தா பிள்ள எந்திரிச்சிருதுத்தா. எந்திரிச்சு வெளையாடுது. கடைசியில தாழியே இல்ல. வெறும் மண்ணு.”

அன்று மாலையே சார் முடிவு செய்துவிட்டார். சனங்கள் எப்படி நடக்கிறார்களோ அப்படித்தான் கதை வர வேண்டும், அம்புக்குறியை எடுத்துவிட்டு வரிசையை மாற்றுவோம் என்றார். அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, புதைத்த பிறகு காய்ச்சல் வருவதைப் பார்த்துக் குழம்பிப் போவார்கள். ஆனாலும் திறப்பு நாள் நெருங்கும் வரை அப்படியே இருக்கட்டும் என்று கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சரி என்றார்.

அந்த நாட்களில் மதினி மதியத்துக்கு மேல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். நான் ஒரு மூலையில் கணினியோடு உட்கார்ந்திருப்பேன். அவர் வலம் வருவார். ஒரு நாள் மண் விழும் சுவருக்கு முன்னால் நின்று, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“எம் பிள்ளைய எப்பிடி வச்சாகன்னு ஒங்கிட்ட யாராச்சும் சொன்னாகளா? மல்லாக்க வச்சாகளா, ஒருக்களிச்சா? அவ ஒருக்களிச்சாத்தான் தூங்குவா.”

எனக்குத் தெரியாது. நானும் முக்கு வரை போனவள்தான்.

“அண்ணங்கிட்ட கேளுங்க மதினி.”

“கேட்டா அந்த மனுசன் செத்துருவாரு.”

அன்றுதான் நான் அவரிடம் வரிசையை மாற்றப் போவதைச் சொன்னேன். சொல்லாமல் மாற்றுவது அவரை ஏமாற்றுவது போலிருந்தது. அவர் தரையில் இருந்த கட்டங்களுக்கு முன்னால் போய் நின்றார். “மாத்துத்தா” என்றார். “நாலு பிள்ளைக வந்து படிக்கிற எடம். கதன்னா நடந்த மாதிரிதான இருக்கணும்.”

மாற்றினேன். இத்தனை வருத்தத்துக்கும் காரணமான வேலை எவ்வளவு சின்னது என்பதுதான் என்னை இன்றும் அறுக்கிறது. சில கோப்புகளின் பெயரை மாற்றி, ஒளிக்கட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் முடிந்தது. மதினி அதன் பிறகு ஒரே ஒரு முறை வந்தார். எப்போதும் போல வலம் வந்தார். களிமண், விளையாட்டு, காய்ச்சல். கட்டங்களில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார். கடைசியில் படம் இருண்டு முடியும் வரை நின்றுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்.

அவருக்கு இனிமேல் பிள்ளை தங்காது என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். உறவில் அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு மெல்ல எழுந்தது. அண்ணன் சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர்தான் எதையும் பேசுவதில்லையே. நான் பேசினேன். “நாலெழுத்துப் படிச்சுட்டா பெரியவுகள எதுத்துப் பேசச் சொல்லுதோ?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஆனால் மதினி எதிர்பார்த்தது என் வாயை அல்ல. ஒரு காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தீப்பெட்டி ஆபீஸில், தொழிற்சாலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், வேலை செய்கிறார். போன் அடித்தால், “நல்லாருக்கேன்த்தா, வேல கெடக்கு, வைக்கிறேன்” என்பார். பிள்ளையின் சில்லு எங்கள் வீட்டு ஜன்னலிலேயே கிடந்தது. அவர் எடுத்துப் போகவில்லை. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த அருங்காட்சியகத்துக்கு நல்ல கூட்டம் வருகிறது. அம்மாக்கள் பிள்ளைகளின் செருப்பைக் கழற்றி வாசலில் விடுகிறார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் வலம் வருகிறார்கள், கதையும் அவர்களோடு ஒழுங்காக நடக்கிறது. பிள்ளைகள் ஐந்தாவது கட்டம் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்காமலே அதில் குதிக்கிறார்கள். நான்காவது குடைக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த அருங்காட்சியக வேலையை என் பொறுப்பிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நிறுத்தத்தைக் கடக்கும்போது எனக்கு ஒன்று உறைக்கும். பெயரே தெரியாத எந்தக் காலத்துப் பிள்ளையையோ எப்படி இறக்கினார்கள், கிண்ணத்தை எங்கே வைத்தார்கள் என்று என் குரல் நாள் முழுக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளையை எப்படி வைத்தார்கள் என்று அவளைப் பெற்றவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் அண்ணனை வில்லாபுரத்துக்குக் கூட்டிப்போனேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. சத்தம் வெளியே போகாத பதிவறையில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். மைக்கை அவர் வாய்க்கு நேராகத் தாழ்த்தினேன். “அண்ணே, நீங்க யாரு மூஞ்சியும் பாத்துச் சொல்ல வேணாம். இதுகிட்டச் சொல்லுங்க. பாப்பாவ எப்பிடி வச்சீகன்னு மதினி கேட்டாக. அம்புட்டுத்தான்” என்றேன். பொத்தானை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே டீக்கடைக்குப் போய்விட்டேன். டீ ஆறிப் போனது. வெகுநேரம் கழித்து அண்ணன் படியிறங்கி வந்தார். தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே, “அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு, எனக்கு நிப்பாட்டத் தெரியல” என்றார். மேலே போனேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவி காலி நாற்காலியின் மௌனத்தையும் சேர்த்துப் பதிந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தினேன். அதில் என்ன இருக்கிறது என்று போட்டுக் கேட்கவில்லை. நானும் சாரும் எத்தனையோ நாள் மெனக்கெட்டு அருங்காட்சியகத்தில் அந்தக் குடைகளை மாட்டியதே, கீழே நிற்பவருக்கு மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே.

இதை மாட்டுத்தாவணியில் நிற்கும் பேருந்துக்குள் இருந்து எழுதுகிறேன். மடியில் அலுவலகத்தின் பெரிய ஹெட்போன் இருக்கிறது. கைப்பையில் சில்லு இருக்கிறது. சீட்டு வாங்கிய பிறகுதான் மதினிக்குப் போன் போட்டேன், முன்பே சொன்னால் வராதே என்பார்.

“மதினி, நான் சாத்தூருக்கு வாரேன். பஸ்ஸுல உக்காந்துட்டேன்.”

“வேலைய விட்டுப்புட்டு எதுக்குத்தா அம்புட்டுத் தூரம்?”

“அண்ணன் பேசியிருக்காக மதினி.”

மறுமுனையில் தீப்பெட்டி ஆபீஸின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை கிடக்கிறது என்று அவர் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. பேருந்து நகர்ந்துவிட்டது.